கெய்ட்டா ஏன் கலகம் செய்தான்? கதாபாத்திரங்களின் நோக்கத்தை உட்கார்ந்து பேச ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்துக்காரர்களுக்கு விவாதம் செய்யச் சொல்லித்தர வேண்டியதில்லை. கும்பகருணன் உயர்ந்தவனா, வீடணன் உயர்ந்தவனா என்று மேடைக்கு மேடை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் நாலு பேர் சேர்ந்து ஒரு விண்வெளித் தொடரைப் பார்த்து முடித்தாலும் அடுத்த நிமிடமே அணி பிரிந்துவிடுகிறது. கதையில் வரும் போர்க்கப்பல் தளபதி அடாமாவைப் பற்றி 'நல்ல தலைவர்தான்' என்று ஒரு பக்கம், 'சுத்த சர்வாதிகாரி' என்று இன்னொரு பக்கம். கேட்க ஜோராகத்தான் இருக்கும். ஆனால் அரை மணி நேரத்தில் எல்லாரும் தங்கள் அணியைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார்கள். அடாமாவைப் பற்றி யாரும் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இந்த வழிகாட்டி வேறு மாதிரி உட்கார்வதற்கு. ஒருவர் செய்தது சரியா தப்பா என்பதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, அந்த நேரத்தில் அதை ஏன் செய்தார் என்பதை மட்டும் தோண்டிப் பார்ப்பது. தீர்ப்பு சொல்ல வேண்டும் என்று கை அரிக்கும். பொறுங்கள்.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'. 1978-இல் கிளென் லார்சன் உருவாக்கி அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஒரே சீசனில் நின்றுபோன தொடர். அதை 2003-இல் ரொனால்ட் மூர், டேவிட் ஐக் இருவரும் குறுந்தொடராக மறுபடி எடுத்தார்கள். பிறகு அது நான்கு சீசன் ஓடி 2009 மார்ச்சில் முடிந்தது. மனிதர்கள் செய்த சைலான் என்ற இயந்திரங்கள் திரும்பி வந்து பன்னிரண்டு உலகங்களை அழிக்கின்றன. ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர் மட்டும் கப்பல்களில் தப்பி ஓடுகிறார்கள். சைலான்களில் சில மனித உருவிலேயே கூட்டத்துக்குள் இருக்கின்றன. இவ்வளவு தெரிந்தால் போதும். தொடரைப் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே முடிவு வரை எல்லாம் சொல்லப்போகிறேன்.

படி 1: ஆளும் இடமும்

ஐந்து பேர் முதல் எட்டுப் பேர் வரை சரி. அதற்கு மேல் போனால் இருவர் பேச மற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள். எல்லாரும் ஒரே எபிசோட் வரை பார்த்திருக்க வேண்டும், இதில் தாட்சண்யமே வேண்டாம். மூன்றாவது சீசனில் இருக்கும் ஒருவரை வைத்துக்கொண்டு நான்காவது சீசனைப் பேசுவது இருவருக்கும் தண்டனை.

வழக்கமான கூட்டத்துக்கு ஒரு வீட்டு மொட்டை மாடி போதும். அஸ்தம்பட்டியோ குகைப் பகுதியோ, மாலை ஆறு மணிக்கு மேல் சேலத்து மாடியில் காற்று வரும். தட்டுவடை செட்டும் நொறுக்கலும் வாங்கி வையுங்கள், ஆனால் பார்த்து முடித்த பிறகு. கேரட்டும் பீட்ரூட்டும் சட்னியுமாகக் கையில் வைத்துக்கொண்டு யாராலும் திரையைப் பார்க்க முடியாது.

வருடத்துக்கு ஒரு முறை நீளமாகப் பேச வேண்டுமானால் ஏற்காடு. 1500 மீட்டர் உயரம், மூடுபனி, காப்பித் தோட்டம் எல்லாம் சரிதான். ஏரிக்கரை, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் எதுவும் பேச லாயக்கில்லை, கூட்டம் அலைமோதும். தோட்டத்துப் பக்கம் ஒரு வீடு எடுங்கள். மே மாதக் கோடை விழாச் சமயத்தில் போகவே போகாதீர்கள். பார்க்க வேண்டிய எபிசோடுகளைச் சேலத்திலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மலையில் சிக்னலை நம்ப வேண்டாம். இன்னொன்று, கோரிமேடு தாண்டி மலைப்பாதை ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவு. வண்டி ஓட்டுபவர் விவாதத்தில் சேரக் கூடாது. அவரை வாயைக் கிளறவும் கூடாது.

படி 2: கேள்வியை அந்த நிமிடத்தில் வையுங்கள்

கதையில் வரும் விஞ்ஞானி பால்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். 'பால்டார் கெட்டவனா?' என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 'ஒலிம்பிக் கேரியர் என்ற கப்பலைச் சுட்டுவிடலாம் என்று பால்டார் சொன்னது ஏன்?' என்று கேட்டால் பேச்சு நகரும். ஒரு ஆள், ஒரு செயல், ஒரு நேரம்.

அந்தக் கப்பல் வரும் எபிசோடின் பெயரே '33'. சைலான்கள் முப்பத்து மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை துரத்தி வருகின்றன. ஐந்து நாளாக யாரும் தூங்கவில்லை. ஒரு தாவலில், அதாவது கப்பல்கள் ஒரே நொடியில் வெகுதூரம் தாண்டும்போது, 1,345 பேரோடு ஒலிம்பிக் கேரியர் பின்தங்கிவிடுகிறது. அது இல்லாமல் போனதும் தாக்குதல் நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கப்பல் திரும்பி வருகிறது. அதில் அணுகுண்டு இருப்பதாகக் கருவிகள் காட்டுகின்றன. குடியரசுத் தலைவர் ராஸ்லின் சுடச் சொல்கிறார். அடாமாவின் மகன் லீயும் ஸ்டார்பக் என்ற விமானியும் சுடுகிறார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரே செயல். ஆனால் கேள்வியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வைத்தால் வேறு வேறு பதில் வருகிறது. ராஸ்லினுக்கு மிச்சமிருக்கும் உயிர்களின் எண்ணிக்கைதான் கண்முன் நிற்கிறது. லீ ஜன்னல்களை உற்றுப் பார்க்கிறான், ஆள் தெரியவில்லை என்கிறான். ஆனால் தெரியாமல் இருக்க வேண்டும் என்று அவன் ஏங்கியதும் முகத்தில் இருக்கிறது. பால்டாருக்கோ அந்தக் கப்பலில் ஒரு விஞ்ஞானி இருக்கிறார். சைலான்கள் பாதுகாப்பை உடைத்தது எப்படி என்பதைக் குடியரசுத் தலைவரிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று கேட்டவர். பாதுகாப்புக் கணினியைத் திறந்துவிட்டதே பால்டார்தான். கப்பல் வெடித்தால் அவர் தப்பித்தார். அப்படியானால் அவர் சொன்ன யோசனை தப்பா? இல்லை, மற்றவர்களும் அதே முடிவுக்குத்தான் வந்தார்கள். சரியான யோசனையை அழுக்கான காரணத்துக்காகச் சொல்ல முடியும் என்பதை இந்த எபிசோட் அளவுக்குத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. முதல் கூட்டத்துக்கு இதையே எடுங்கள்.

படி 3: எந்தச் சாட்சி எவ்வளவு பெறும்

ஒருவர் மேடையில் சொல்வதும், நம்பிக்கையான ஒருவரிடம் தனியே சொல்வதும், யாரும் பார்க்காதபோது செய்வதும் ஒன்றல்ல. குறுந்தொடரின் கடைசியில் இறுதிச் சடங்கு நடக்கும் கூட்டத்தில் அடாமா, பூமி எங்கே இருக்கிறது என்று தனக்குத் தெரியும் என்கிறார். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. பிறகு ராஸ்லின் தனியாகக் கேட்கும்போது, தெரியாது என்று ஒப்புக்கொள்கிறார். ஓடுகிறவர்களுக்கு ஓட ஒரு திசை வேண்டும், அதனால் சொன்ன பொய்.

ஆக, மேடைப் பேச்சை நோக்கத்துக்கு ஆதாரமாகக் காட்டினால் அரை மதிப்பெண்தான். இதை முன்கூட்டியே எல்லாரும் ஒத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் 'அவரே வாயால் சொன்னாரே' என்று யாராவது எழுவார்கள். மற்றவர்கள் அந்த ஆளைப் பற்றிச் சொல்வது அதைவிடக் குறைவு. நடிகர் பேட்டியில் சொல்வது சுவையானது, சாட்சியாகாது. எழுதியவர் சொல்வதற்குத் தனிப் படி வைத்திருக்கிறேன்.

படி 4: கடிகாரம் வையுங்கள்

இதுதான் உயிரான படி. அந்தச் செயலைச் செய்தபோது அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, அதற்குமுன் அவருக்கு என்னவெல்லாம் நடந்திருந்தது என்று வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள். பேச்சு அதற்குப் பிறகுதான். ஃபீலிக்ஸ் கெய்ட்டாவை வைத்துச் செய்து காட்டுகிறேன். எங்கள் வட்டத்தில் இவனைப் போல் ஆட்களைப் பிரித்தவர் யாருமில்லை.

முதலில் அவன் அடாமாவின் போர்க்கப்பலான கேலக்டிகாவின் கட்டுப்பாட்டறையில் ஒழுங்கான அதிகாரி. அடாமா சொல்லுக்கு மறுசொல் கிடையாது. இரண்டாம் சீசன் முடிவில் குடியரசுத் தலைவர் தேர்தலில் ராஸ்லின் பக்கம் வாக்குச் சீட்டுகளைத் திருட்டுத்தனமாகச் சேர்க்கிறார்கள். அதைக் கண்டுபிடிப்பது கெய்ட்டா. அதனால் பால்டார் ஜெயிக்கிறார். மக்கள் நியூ காப்ரிகா என்ற கிரகத்தில் குடியேறுகிறார்கள், கெய்ட்டா பால்டாரிடம் வேலை பார்க்கிறான். சைலான்கள் வந்து பிடித்துக்கொள்கிறார்கள். அவன் அதே அலுவலகத்தில் இருந்தபடி எதிர்ப்பாளர்களுக்கு ரகசியத் தகவல் அனுப்புகிறான். யார் அனுப்புவது என்று அவர்களுக்கே தெரியாது.

தப்பி வந்த பிறகு, உடந்தையாக இருந்தவர்களைப் பிடித்து ரகசியமாகக் கொல்லும் ஒரு குழு அவனையும் இழுத்துக்கொண்டு போகிறது. சாவின் விளிம்பில் உண்மை தெரிந்து அவனை விடுவிக்கிறார்கள். பால்டார் மீதான வழக்கில் அவன் சத்தியம் செய்துவிட்டுப் பொய்ச் சாட்சி சொல்கிறான். பிறகு சக வீரன் ஆண்டர்ஸ் காலில் சுட, கால் போகிறது. தேடி வந்த பூமி அணுச் சாம்பலாகக் கிடக்கிறது. தோழி டுவாலா தற்கொலை செய்துகொள்கிறாள். இதற்கெல்லாம் மேல், அடாமா சைலான்களில் ஒரு பிரிவோடு கூட்டணி வைத்து, அவர்களின் கருவிகளை மனிதக் கப்பல்களில் பொருத்தச் சொல்கிறார். அப்புறம்தான் கெய்ட்டா, துணைக் குடியரசுத் தலைவர் சாரெக்கோடு சேர்ந்து கலகம் செய்கிறான்.

தாளில் இவ்வளவும் ஏறிய பிறகு மூன்று வாசிப்புகள் வரும், அநேகமாக எல்லாக் கூட்டத்திலும் இதே மூன்றுதான். காலுக்குப் பழி. கொள்கை, அதாவது மக்களைக் கேட்காமல் எதிரியோடு கூட்டு வைக்கக் கூடாது என்பது. மூன்றாவது, குற்ற உணர்வு.

எது என்று கை தூக்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு வாசிப்பிடமும் கேளுங்கள், 'நீ சொல்வது உண்மையானால் அவன் செய்திருக்க வேண்டியது எது, அதைச் செய்தானா?' பழிதான் என்றால் சுட்ட ஆண்டர்ஸ் சிறையில் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறான், சைலான் என்றும் தெரிந்துவிட்டது. கெய்ட்டா அவனைத் தேடிப் போகவில்லை. அவன் பரபரப்பது அடாமாவுக்கு ஒரு விசாரணை நடத்த, வழக்கறிஞர் வைக்க. இடையில் யாராவது பதவி ஆசை என்பார்கள். அப்படியென்றால் கடைசியில் எதிர்த்து நின்று சுட்டிருப்பான். அவனோ துப்பாக்கிகளை நிறுத்தச் சொல்லிவிடுகிறான். பழி வலுவிழக்கிறது, ஆனால் முழுதாகப் போய்விடுவதில்லை. சுட்டுக் கொல்லப்படுவதற்கு ஒரு நொடி முன்னால், இவ்வளவு நாளாக அரித்துக்கொண்டிருந்த கால் அரிப்பு நின்றுவிட்டது என்று சொல்கிறான். அந்தக் காட்சியை எழுதியவர்கள் காலை மறக்கவில்லை.

கொள்கைக் கட்சிக்கும் ஒரு முள் உண்டு. சட்டம் சட்டம் என்கிறவன் நீதிமன்றத்தில் பொய் சொன்னது எப்படி? சாரெக் மக்கள் பிரதிநிதிகளைக் கொன்று குவித்ததை அறிந்து அதிர்ந்த பிறகும் அவன் உடனே நிறுத்தாதது ஏன்? இங்கேதான் மூன்றாவது வாசிப்பு உள்ளே வருகிறது. 2008 டிசம்பரில் தொடங்கி 2009 ஜனவரி வரை பத்துச் சிறு பகுதிகளாக இணையத்தில் வந்த ஒரு கிளைக்கதை இருக்கிறது. அதில், நியூ காப்ரிகாவில் கைதானவர்களின் பெயர்ப் பட்டியலைக் கெய்ட்டா ஒரு சைலான் பெண்ணிடம் கொடுத்திருக்கிறான், அவர்களை விடுவிப்பாள் என்று நம்பி. அவளோ அந்தப் பெயர்களைக் கொல்லப் பயன்படுத்தியிருக்கிறாள். உனக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாய் என்று அவள் அவனிடம் சொல்கிறாள்.

இதைச் சேர்த்துப் பார்த்தால் பொய்ச் சாட்சி வேறு நிறம் பெறுகிறது. அந்தக் கிரகத்தில் நடந்த பாவமெல்லாம் பால்டாருடையது என்று தீர்ப்பு வந்துவிட்டால் இவன் பங்கு கரைந்துபோகும். கலகமும் அப்படியே. முன்பு சைலானை நம்பிச் செத்தவர்கள் இருக்கிறார்கள். இப்போது கப்பல் முழுவதும் சைலானை நம்பச் சொல்கிறது. இந்த முறையாவது வேண்டாம் என்று சொன்னவனாக இருந்துவிட வேண்டும் என்ற தவிப்புதான் அவனை ஓட்டியது என்பது என் கட்சி. பழியும் கொள்கையும் அதன் மேல் ஏறி உட்கார்ந்தவை. ஒத்துக்கொள்ளாதவர்கள் எங்கள் கூட்டத்திலேயே பாதிப் பேர்.

படி 5: எழுதியவர்களின் அறையை எட்டிப் பாருங்கள், அங்கேயே குடியிருக்க வேண்டாம்

மேலே சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது, யாராவது கண்டுபிடிப்பார்கள். வழக்கு எபிசோடுகள் வந்தது 2007 மார்ச்சில். பட்டியல் கதை வந்தது அதற்கு ஒன்றரை ஆண்டுக்கும் பின்னால். பிறகு எழுதப்பட்ட நோக்கத்தை முன்பு நடிக்கப்பட்ட காட்சிக்குள் புகுத்தலாமா?

என் விதி எளிது. பாத்திரம் அறிந்திருக்கக்கூடியதைப் பின்னால் தெரிந்தாலும் சேர்க்கலாம். பாத்திரமே அறியாததைச் சேர்க்கக் கூடாது. கெய்ட்டா பட்டியல் கொடுத்தது அவனுக்குத் தெரிந்த விஷயம், நமக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது. அதனால் செல்லும். மாறாக, அடாமாவின் துணைத் தளபதி கர்னல் டை ஒரு சைலான் என்று மூன்றாம் சீசன் முடிவில் வெளிப்படுகிறது. உடனே சிலர் முதல் சீசனில் அவர் குடித்துக்கொண்டே இருந்தது 'உள்ளுக்குள் ஏதோ உறுத்தியதால்' என்பார்கள். செல்லாது. அவருக்கும் தெரியாது, நடித்த மைக்கேல் ஹோகனுக்கும் தெரியாது, அப்போது எழுதியவர்களும் அதை முடிவு செய்திருக்கவில்லை. நியூ காப்ரிகாவில் சைலான்களுக்குத் தகவல் கொடுத்த மனைவிக்கு விஷம் கொடுத்தாரே, அதையும் ஒரு மனிதக் கணவனாக, தளபதியாகத்தான் அளக்க வேண்டும்.

தொடரின் தொடக்கத்தில் சைலான்களிடம் ஒரு திட்டம் இருக்கிறது என்று எழுத்து ஓடும். பார்த்தவர்கள் ஆண்டுக்கணக்கில் அந்தத் திட்டத்தைத் தேடினார்கள். கடைசியில் 2009-இல் தனியாக ஒரு தொலைக்காட்சிப் படமே எடுத்து விளக்கப் பார்த்தார்கள். எனக்கு அது பொருந்தவில்லை. தைத்த சட்டைக்குப் பிறகு அளவெடுத்த மாதிரி இருந்தது.

மூர் எபிசோடுகளுக்கு ஒலி விளக்கமும் பதிவு செய்திருக்கிறார். கேளுங்கள், ஆனால் கூட்டத்துக்குப் பிறகு. முன்பே கேட்டுவிட்டு வருபவர் பரீட்சைக்கு விடைத்தாளோடு வந்தவர், பேச்சு அங்கேயே படுத்துவிடும்.

படி 6: பழைய தொடர் பார்த்தவர் ஒருவர் இருந்தால்

அவரைப் பேச விடுங்கள். பழையதில் ஸ்டார்பக் ஆண், புதியதில் பெண். அந்த மாற்றத்துக்குக் கிளம்பிய கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பழைய அப்போலோவாக நடித்த ரிச்சர்ட் ஹாட்ச், பழைய கதை அப்படியே தொடர வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடியவர், சொந்தச் செலவில் முன்னோட்டம்கூட எடுத்தவர். அவரே பிறகு புதியதில் நடிக்க வந்தார். எந்த வேடம் தெரியுமா? கெய்ட்டாவோடு சேர்ந்து கலகம் செய்யும் சாரெக். புதிய அப்போலோவான லீக்கு எதிரே பழைய அப்போலோ நின்று, இந்தக் கப்பல் உங்கள் குடும்பச் சொத்தா என்கிற தோரணையில் பேசுவதைப் பார்க்கும்போது பழைய ரசிகருக்கு அது வேறு கதை. அந்த ரசம் சாரெக்கின் நோக்கத்துக்கு ஆதாரமில்லை. ஆனால் பேசாமல் விட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

படி 7: கூடத்துக்குள் வரும் வாழ்க்கை

விதிகளெல்லாம் போட்ட பிறகும் ஒவ்வொருவரும் தங்கள் வாழ்க்கையை வைத்துத்தான் பார்ப்பார்கள். தடுக்க வேண்டாம், சொல்லச் சொல்லுங்கள்.

எங்களோடு உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார், தொழிற்சங்கக்காரர். மூன்றாம் சீசனில் எரிபொருள் சுத்திகரிப்புக் கப்பலில் வேலைநிறுத்தம் வரும். அதை நடத்தும் டைரலை வழிக்குக் கொண்டுவர, அவன் மனைவியைச் சுவரில் நிறுத்திச் சுடுவேன் என்று அடாமா மிரட்டுவார். நாங்கள் அடாமா நிஜமாகவே சுட்டிருப்பாரா என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். அண்ணன் சொன்னார், "அதை விடுங்கப்பா. டைரல் ஏன் நம்பினான்னு பாருங்க. முன்னாடி எத்தனை தடவை அவர் சொன்னதைச் செஞ்சிருக்காரு?" மிரட்டுகிறவரின் நோக்கத்தையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த எங்களுக்கு, பணிந்தவனின் நோக்கம் என்று ஒன்று இருப்பது அதுவரை உறைக்கவில்லை.

இன்னொரு தோழி இலங்கையிலிருந்து வந்த குடும்பம், முகாமில் வளர்ந்தவர். நியூ காப்ரிகாவில் சைலான்களுக்காக வேலை செய்யும் மனிதப் போலீஸ் முகமூடி போட்டுக்கொண்டு நள்ளிரவில் வீடு புகும் காட்சியில் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். வந்த பிறகு, தன் வீட்டில் தலையாட்டிகளை, அதாவது முகத்தை மூடிக்கொண்டு ஆட்களைக் காட்டிக்கொடுப்பவர்களைப் பற்றிப் பேசிக் கேட்டதைச் சொன்னார். சாக்கைப் போட்டு மூடிய முகம், வரிசையில் நிற்பவர்கள், ஒரு தலையசைப்பு. அவருக்குக் கெய்ட்டாவின் பட்டியல் கற்பனையே இல்லை. அமெரிக்காவில் 2006-இல் இதைப் பார்த்தவர்கள் ஈராக்கை நினைத்தார்கள். இங்கே நினைப்பு வேறு பக்கம் போகிறது. யாரையும் 'கதைக்கு உள்ளே இருந்து பேசுங்கள்' என்று இந்த இடத்தில் மறிக்காதீர்கள். விதி போட்டது கூட்டத்துக்காகத்தான்.

படி 8: சண்டையும் முடிவும்

குரல் உயர்ந்தால் காட்சியைத் திரும்பப் போடுங்கள். பாதிச் சண்டை, இருவரும் ஞாபகத்தில் வைத்திருந்த காட்சி வேறு வேறு என்பதால் வருவது. அப்படியும் அடங்கவில்லை என்றால் ஆளுக்கொரு தாள் கொடுத்து எதிர்க்கட்சியின் வாதத்தை எழுதச் சொல்லுங்கள். எழுதியதை எதிர்க்கட்சிக்காரரே படித்து, 'ஆமாம், இதைத்தான் சொன்னேன்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இதில் முக்கால்வாசிப் பேர் தோற்பார்கள்.

நடுவர் வேண்டாம், தீர்ப்பு வேண்டாம், ஓட்டெடுப்பு வேண்டவே வேண்டாம். கடிகாரத் தாளின் அடியில் தீராத கேள்விகளை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கெய்ட்டா, பால்டாரைப் பேனாவால் குத்துவதற்கு முன் பால்டார் அவன் காதில் என்ன சொன்னார் என்பது எங்கள் தாளில் இன்னும் நிற்கிறது.

எதை எப்போது எடுப்பது என்று கேட்பவர்களுக்கு: '33' முதலில். அடுத்து இரண்டாம் சீசனில் இன்னொரு போர்க்கப்பலின் தலைவியான அட்மிரல் கெய்ன் வரும் எபிசோடுகள், அடாமாவையும் அவரையும் பக்கத்தில் வைத்து. பிறகு நியூ காப்ரிகா. கெய்ட்டாவின் கலகம் அதற்கெல்லாம் பின்னால், முழு நாள் கிடைக்கும்போது, ஏற்காட்டில். ஸ்டார்பக் செத்துத் திரும்பி வந்தது ஏன், கடைசியில் காற்றோடு மறைந்தது ஏன் என்பதை ஆரம்பத்திலேயே எடுத்துவிடாதீர்கள். அதற்குத் தொடரே பதில் வைத்திருக்கவில்லை. வட்டம் நன்றாகப் பழகிய பிறகு, மறுநாள் யாருக்கும் வேலை இல்லாத ஒரு ராத்திரியில் வைத்துக்கொள்ளுங்கள்.